கேட்பது இழுக்கன்று

பாடாங் செராய் வட்டாரத்துத் தமிழ்த் தொழிலாளரிடையே நெடுங்காலமாக ஒரு குணம் பாராட்டப்பட்டு வருகிறது. கொடுத்ததை வாங்கிக்கொள்வதும், கொடாததைப் பற்றி வாய் திறவாதிருப்பதுமே அக்குணம். அதற்கு அடக்கம் என்று பெயரிட்டிருக்கிறோம். "நல்ல பையன், ஒரு வம்புக்கும் போகமாட்டான்" என்று பெண் கொடுப்போரும் மெச்சுகின்றனர். ஆனால் இவ்வடக்கத்தினால் வேலை போன நாளில் யார் வீட்டிலாவது உலை கொதித்ததுண்டா, பிள்ளை பெற்றவளுக்கு ஒரு வாரம் கூடுதலாக ஓய்வு கிடைத்ததுண்டா என்று கேட்டால், விடை சொல்வார் ஒருவருமில்லை. ஆதலின் நமக்குரியதைக் கேட்பது இழுக்கன்று என்பதை இன்று சற்று விரித்துரைக்க விரும்புகிறோம்.

இக்குணம் நம்மோடு பிறந்ததென்று எண்ண வேண்டா. அது நமக்குப் பழக்கப்படுத்தப்பட்டது. கங்காணி ஆள் கட்டிய காலத்தில் கூலியும், குடியிருக்கும் லயமும், குழந்தையை விட்டுச் செல்லும் ஆயாக்கொட்டகையும் ஒரே கையில் இருந்தன. வேலை போனால் வீடும் போகும். அந்நிலையில் வாய் திறப்பவன் எங்கே போவான்? 1930ஆம் ஆண்டையொட்டி ரப்பர் விலை சரிந்தபோது, வேலையற்றோருக்கு அன்றைய அரசினர் கண்ட மருந்து யாது? கப்பல் சீட்டு! இந்தியக் குடியேற்ற நிதியிலிருந்து பயணச் செலவு கொடுத்து, ஆயிரமாயிரமாகத் தமிழரைத் தாயகத்துக்குத் திருப்பியனுப்பினர். பாலுக்கு விலை உள்ளவரை ஆள் வேண்டும். விலை இல்லையேல் ஆளும் வேண்டா என்பதே அன்றைய நீதி.

எல்லாரும் வாய்மூடிக் கிடந்தனர் என்பதும் உண்மையன்று. 1946, 1947ஆம் ஆண்டுகளில் இதே கெடாவில், பீடோங் பக்கத்து ஹார்வர்டு தோட்டத்தில், ஏ. எம். சாமி என்பார் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடையை எதிர்த்தது, நியாயமான கூலி கேட்டது. அரசினர் அதனைக் கடுமையாக அடக்கினர். ஆனால் கேட்கலாம் என்ற எண்ணத்தை அடக்க அவர்களால் இயலவில்லை.

இன்று நிலை வேறு. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. 1996ஆம் ஆண்டில் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்ட பின், லயத்தில் பிறந்த பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி வேலைக்குப் போகத் தொடங்கினர். சட்டமும் மாறியது. 2017ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் வேலைக் காப்புறுதித் திட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. 2018 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. பெர்கேசோ நிறுவனமே அதனை நடத்துகிறது. தொழிலாளி தன் சம்பளத்தில் ஆயிரம் வெள்ளிக்கு இரண்டு வெள்ளி வீதம் கட்டுகிறான். முதலாளியும் அவ்வளவே கட்டுகிறார். வேலை பறிபோனால், கட்டிய தவணைகளுக்கேற்ப, மூன்று முதல் ஆறு மாதம் வரை வேலை தேடும் உதவித்தொகை கிடைக்கும். முதல் மாதத்தில் சம்பளத்தில் 80 விழுக்காடு. இரண்டாம் மாதத்தில் 50. மூன்றிலும் நான்கிலும் 40. ஐந்திலும் ஆறிலும் 30 என்று அச்சட்டம் வகுத்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 1,700 வெள்ளி வாங்கியவனுக்கு முதல் மாதம் ஏறக்குறைய 1,360 வெள்ளி. ஆறு மாதமும் பெறத் தகுதியுடையவனாயின் மொத்தம் ஏறக்குறைய 4,590 வெள்ளி. இதனைப் பெறுவதற்காக அவன் மாதந்தோறும் கட்டியது மூன்றரை வெள்ளிக்கும் குறைவு. இதைப் பிச்சை என்று எவர் சொல்ல முடியும்? மழைக்காலத்துக்கென்று நாமே குதிரில் கொட்டி வைத்த நெல்லை நாமே அள்ளுவதற்கு நாணம் எதற்கு?

ஆயினும் இக்குதிருக்கு ஒரு பூட்டு உண்டு. தானாக வேலையை விட்டவனுக்கு இத்தொகை இல்லை. ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவனுக்கும், ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியேறியவனுக்கும் இல்லை. கேடு நுழைவது இவ்வழியில்தான். நமக்குத் தெரிந்த அம்மையார் ஒருவர், பல்லாண்டு உழைத்த ஓரிடத்தில், ஆட்குறைப்பு நாளன்று ஒரு தாளில் கையெழுத்திட்டார். "இது வெறும் சடங்கு, போட்டுவிட்டுப் போங்கள் அம்மா" என்றனராம். அத்தாளில் இருந்தது அவரே விரும்பி வேலையை விடுவதாக எழுதிய கடிதம்! கையெழுத்திட்ட கணத்தில், ஆட்குறைப்புக்கு ஆளானவர் என்ற நிலை போய், தாமாக விலகியவர் என்ற பெயர் அவருக்கு வந்துவிட்டது. "ஏன் படித்துப் பார்க்கவில்லை?" என்று நாம் கேட்டதற்கு, "பெரியவர்கள் கொடுக்கும் தாளைச் சந்தேகப்படலாமா?" என்றார். அடக்கம் என்று நாம் போற்றிய குணம் அவ்வம்மையாரின் பல மாதச் சோற்றைத் தின்றது.

ஆகவே தொழிலாளத் தோழர்கள் சிலவற்றை மனத்தில் இருத்த வேண்டும். புரியாத தாளில் கையெழுத்திடாதீர்கள்; ஒரு படி கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், படித்த பிள்ளையிடம் காட்டுங்கள். வேலை போன 60 நாட்களுக்குள் பெர்கேசோவுக்கு விண்ணப்பியுங்கள். நியாயமின்றி நீக்கப்பட்டதாகத் தொழில் உறவு இலாகாவில் முறையிடுவதற்கும் 60 நாட்களே தவணை. அச்சுறுத்தலுக்கோ பாலியல் தொல்லைக்கோ ஆளாகி வேலையை விட நேர்ந்தவர்களை, தாமாக விலகியவர்கள் என்று காப்புறுதிச் சட்டம் தள்ளிவிடவில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

தோட்டம் விற்கப்பட்டாலும் மூடப்பட்டாலும் வேறொரு கடன் நமக்கு வரவேண்டியிருக்கிறது. ஓராண்டுக்குக் குறையாமல் உழைத்தவனுக்கு வேலைநிறுத்த இழப்பீடு தர வேண்டுமென்று 1980ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. சேவை இரண்டாண்டுக்கு உட்பட்டதாயின் ஆண்டொன்றுக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் பதினைந்து நாள். ஐந்தும் அதற்கு மேலும் ஆயின் இருபது நாள். முப்பதாண்டு மரம் வெட்டியவளுக்கு அறுநூறு நாள் சம்பளம் என்றாகிறது. அதனை மறந்துவிட்டு, வழியனுப்பு விருந்தும் ஒரு கைக்கடிகாரமும் பெற்று மகிழ்ந்து வருவது எவ்வகை நியாயம்?

இனி மகப்பேற்றைக் கருதுவோம். 2023 ஜனவரி முதல் நாள் தொட்டு, வேலைச் சட்டத்தின்படி மகப்பேற்று விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. பழைய அறுபது நாளையே இன்னும் நம்பி, பச்சைக் குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு ஓடும் தாய்மார் இருக்கக்கூடும். அவர்களுக்கு இதைச் சொல்வது நம் கடமை. அச்சட்டத் திருத்தம் தந்தைக்கும் ஏழு நாள் சம்பளத்தோடு விடுமுறை தந்தது. ஒரே முதலாளியிடம் பன்னிரண்டு மாதம் வேலை செய்திருக்க வேண்டும். பேறுகாலத்துக்கு முப்பது நாள் முன்போ, பிறந்தபின் கூடிய விரைவிலோ அறிவிக்க வேண்டும். ஐந்து பேறுகள் வரை இவ்வுரிமை உண்டு.

"பிள்ளைப்பேறு பெண்கள் காரியம், ஆண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?" என்று மீசை முறுக்கும் தோழரை நாம் கேட்கிறோம்: பத்தியக் கஞ்சி காய்ச்சவும், இரவில் குழந்தையைத் தூக்கவும், மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும் கைகள் வேண்டாவா? அவ்வேழு நாளும் நண்பரோடு விருந்துண்ண அல்ல. மேலும் இவ்விடுமுறை மணமானவனுக்கே உரியது. கோயிலில் தாலி கட்டினோம், ஊரார் அறிவர் என்று பதிவு செய்யாதிருப்பவர் இன்னும் உண்டு. முஸ்லிமல்லாதார் திருமணங்களைப் பதிய வேண்டுமென்ற சட்டம் 1982ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. முதலாளி சான்று கேட்கும் நாளில் ஐயர் வந்து சாட்சி சொல்லமாட்டார், பதிவுத்தாள்தான் பேசும்.

இச்சட்டங்கள் குறையற்றவை என்று நாம் சொல்லவில்லை. காப்புறுதிச் சட்டம் வந்தபோது வீட்டுப் பணிப்பெண்கள் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டனர். பதிவில்லாத குத்தகைக்காரரிடம் நாட்கூலிக்குப் புல் வெட்டுவோர் பெயரில் எவரும் தவணை கட்டாதிருப்பதும் உண்டு. அவர்களுக்காகக் குரல் கொடுக்க வேண்டுமாயின், உரிமை பெற்றோர் முதலில் அதைப் பயன்படுத்திக் காட்ட வேண்டும்.

நம்மால் இயலுமா என்று ஐயுறுவோர் 1960ஆம் ஆண்டை நினைக்கட்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட அக்காலத்தில், வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியோர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினர். கெடாவின் புக்கிட் சிடிம் அவற்றுள் ஒன்று. துண்டு துண்டாகப் பணம் கட்டித் தோட்டம் வாங்கிய பெற்றோரின் பிள்ளைகள், தாம் கட்டிய பணத்தைக் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுத அஞ்சலாமா?

இராசேந்திரன் கடாரம் கொண்டான் என்று மேடைதோறும் மார்தட்டுகிறோம். அக்கடாரத்தில் நாம் குடியிருக்கிறோம். நம் சட்டைப்பையிலுள்ள சம்பளச் சீட்டில் என்ன பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்தோமில்லை. இன்றிரவு அச்சீட்டை எடுத்துப் பாருங்கள். வேலைக் காப்புறுதிக்குப் பிடித்தம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையேல், நாளைக் காலையில் ஏன் இல்லை என்று கேளுங்கள்.