அரக்குத் தொப்பி, பச்சைத் தொப்பி

ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடு. ஒரே கடை அரிசி, ஒரே பள்ளிக்கூடம். ஆனாலும் ஒரு வீட்டுப் பிள்ளை ஒரு மாதிரியும் அடுத்த வீட்டுப் பிள்ளை வேறு மாதிரியும் வளர்வதை நாம் தினமும் பார்க்கிறோம். "அந்த வீட்டு வளர்ப்பு அப்படி" என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். பட்டாளத்திலும் இந்த 'வீட்டு வளர்ப்பு' உண்டு என்பது, இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

தங்கை இருப்பது எக்ஸிடர் என்ற ஊரில். அங்கிருந்து கடற்கரைக்குப் போகும் ரயில் பாதையில் 'லிம்ப்ஸ்டன் கமாண்டோ' என்று ஒரு சின்ன ஸ்டேஷன். ராயல் மரீன் என்னும் படைக்குப் பையன்களைத் தயார் செய்யும் முகாம் அங்கேதான் இருக்கிறது. தங்கையின் பக்கத்து வீட்டு அம்மாளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பாராசூட் ரெஜிமெண்ட், இளையவன் மரீன். இந்த இரண்டு படைக்கும் காலம் காலமாக ஏழாம் பொருத்தம். அவர்களுக்கு அரக்கு நிறத் தொப்பி, இவர்களுக்குப் பச்சைத் தொப்பி. "இரண்டு பேரும் சேர்ந்து லீவில் வந்தால் என் சாப்பாட்டு மேஜையே போர்க்களம்தான்" என்று அந்த அம்மாள் சிரித்தார்.

எனக்கு என்ன அக்கறை என்கிறீர்களா? என் பையன் பிளஸ் டூ படிக்கிறான். மிலிட்டரியில்தான் சேருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அதனால் அந்த அம்மாளை விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பாஷைக்குத் தங்கை துணை.

மரீன் படை 1664-ல் தொடங்கியது. கடற்படையைச் சேர்ந்தது. புதிதாக வரும் பையனுக்கு முதல் பாடம் துப்பாக்கி அல்ல. எப்படிக் குளிப்பது, எப்படிச் சவரம் செய்வது, துணியை எப்படித் துவைத்து இஸ்திரி போடுவது என்று வாத்தியாரே செய்து காட்டுகிறார்! துவைப்பதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை என்ன தெரியுமா? 'தோபி'. நம் நாட்டிலிருந்து போன சொல்தான். கப்பலில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்க வேண்டும். ஒருவன் அழுக்காக இருந்தால் வியாதி எல்லோருக்கும் அல்லவா?

அவர்கள் பயிற்சியில் தண்ணீருக்கடியில் ஒரு குறுகிய குழாய்ப் பாதை உண்டு. ஒருவன் பின்னாலிருந்து தள்ள, இன்னொருவன் முன்னாலிருந்து இழுக்க, மூச்சடக்கிக்கொண்டு போக வேண்டும். கடைசியில் டார்ட்மூர் மேட்டு நிலத்தில் மூட்டையோடு 30 மைல், 8 மணி நேரத்தில். தைரியம், விடாமுயற்சி, சுயநலமின்மை இவற்றோடு, கஷ்டத்திலும் சிரித்த முகமாக இருப்பதையும் ஒரு குணமாகவே சொல்லித் தருகிறார்கள்.

பாராசூட் படை 1940-ல் பிறந்தது. வயதில் சின்னது, வேகத்தில் பெரியது. ஆகாயத்திலிருந்து குதிப்பவன் எதிரியின் நடுவில் விழுவான். கூட வந்தவர்கள் எங்கே விழுந்தார்களோ! பெரிய பீரங்கியும் கிடையாது. யாரையும் எதிர்பார்க்காமல் உடனே பாய வேண்டும். 1944 செப்டம்பரில் ஹாலந்தின் ஆர்ன்ஹெம் பாலத்தை இரண்டு நாள் தாங்கினால் போதும் என்று அனுப்பினார்கள். உதவி வந்து சேரவில்லை. மூன்று நாளுக்கு மேல் தாங்கினார்கள்.

அதற்கேற்ற வளர்ப்பு. அவர்கள் பரீட்சையில் 'மில்லிங்' என்று ஒன்று. தன் எடையுள்ள தோழனையே, கையுறை போட்டுக்கொண்டு, ஒரு நிமிஷம் முகத்தில் குத்த வேண்டும். தடுக்கவோ ஒதுங்கவோ கூடாது. கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கனமான ஸ்ட்ரெச்சரை எல்லோருமாகத் தூக்கிக்கொண்டு ஓடும் பரீட்சையும் அவர்களுக்கு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்.

1982-ல் ஃபாக்லாந்து தீவில் இருவரும் சேர்ந்தே போனார்கள். ஹெலிகாப்டர்களை ஏற்றி வந்த கப்பலை மே 25-ல் எதிரி விமானங்கள் தாக்கியதில் ஹெலிகாப்டர்கள் அழிந்தன. முதுகில் முப்பது கிலோவுக்கு மேல் சுமையோடு ஈரத்திலும் குளிரிலும் நடந்தே போனார்கள். அதே நடைக்கு மரீன் 'யாம்ப்' என்பான், பாராசூட்காரன் 'டேப்' என்பான். அதில்கூட ஒத்துப்போகவில்லை! ஆனால் ஈரப் பூட்ஸுக்குள் ஊறிப் புண்ணான கால் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஜூன் 11 இரவு ஆளுக்கொரு மலையாகப் பிடிக்கப் புறப்பட்டார்கள். லாங்டன் மலையில் இறந்த பாராசூட் வீரர்களில் இரண்டு பேருக்கு வயது 17. அந்தத் தாய்மார்களை நினைத்துப் பாருங்கள்.

வீரத்தில் யாரும் குறைவில்லை. ஆனால் ஊட்டி வளர்த்த வேகம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காவிட்டால்? 1972 ஜனவரி 30 அன்று வடக்கு அயர்லாந்தின் டெர்ரி நகரில் ஊர்வலம் போனவர்கள் மீது பாராசூட் படையினர் சுட்டார்கள். அன்றே 13 பேர் இறந்தார்கள். அது நியாயமே இல்லை என்று 2010-ல் விசாரணை அறிக்கை வந்தது. பிரதமர் மன்னிப்புக் கேட்டார். சரி, மரீன்கள் மட்டும் அப்பழுக்கற்றவர்களா? 2011-ல் ஆப்கானிஸ்தானத்தில் காயம்பட்டுக் கிடந்த எதிரியை ஒரு மரீன் சார்ஜெண்ட் சுட்டுக் கொன்றார். கொலைக் குற்றம் என்று 2013-ல் தீர்ப்பு. அவர் மனநிலையைக் கருதி 2017-ல் குற்றத்தின் அளவைக் குறைத்தார்கள். குளிக்கவும் துவைக்கவும் கற்றுக்கொடுத்த படையிலும் மனசு அழுக்காகும் நாள் வருகிறது.

"எந்தப் படை உசத்தி?" என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். "எனக்குத் தொப்பி தெரியாது. வாசலில் வந்து நின்றதும் நான் பார்ப்பது காலைத்தான். அப்புறம் கண்ணை. மூத்தவன் சில சமயம் ராத்திரியில் தூங்குவதில்லை" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

இரண்டு படையும் பார்த்துப் பார்த்து வளர்க்கின்றன. எதை அதிகம் ஊட்டுகிறார்களோ அதுதான் நிற்கிறது. நம் வீட்டிலும் அப்படித்தானே? "ஆம்பிளைப் பிள்ளை, நாலு அடி கொடுத்துவிட்டு வா" என்று அனுப்புகிறோம். எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோமா?

பட்டாளம் வேண்டாம் என்று நான் என் பையனைத் தடுக்கப்போவதில்லை. ஆனால் அவன் சட்டையை இப்போது அவனே துவைக்கிறான். தம்பியோடு சண்டை வந்தால், "போதும்" என்று யார் முதலில் சொல்கிறார்களோ அவர்களுக்குத்தான் என்னிடம் முதல் தோசை. சிரிக்காதீர்கள், நாள்பட நாள்படப் பலன் தெரிகிறது.