சாக்குமேல் மூன்று ஸ்பேனர்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டபோது கவிதை எழுதத்தான் நினைத்தேன். காதல் கவிதை ஏற்கெனவே எக்கச்சக்கமாக வந்துவிட்டதாம். அதனால் அரியர் பற்றி எழுதுகிறேன். நம் எல்லோருக்கும் தெரிந்த சப்ஜெக்ட்தானே!

நான்காம் செமஸ்டரில் கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சரில் எனக்கு மார்க் 23. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அரியர் என்றால் என்னவென்று அம்மாவுக்கு அரை மணி நேரம் விளக்கினேன். "அப்ப பெயிலா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை, "கடைக்கு வாடா" என்றார். அவர் டூ வீலர் மெக்கானிக். சொந்தக் கடை இல்லை, சம்பளத்துக்குத்தான். லீவுக்கு மட்டும் வரச் சொல்கிறாரா, இனிமேல் அங்கேதானா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கடைச் சுவரில் முதலாளி ஒரு பெரிய டூல் செட் மாட்டியிருக்கிறார். சைஸ் வாரியாகப் பளபளவென்று இருக்கும். அப்பா அதைத் தொடுவதே அபூர்வம். அவர் முட்டிக்குப் பக்கத்தில் சாக்குமேல் 10-11, 12-13, 14-15 என்று மூன்று ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், அவ்வளவுதான். எடுத்துக் கொடுப்பது என் வேலை. போரடித்ததால் எந்த டூல் எத்தனை தடவை என்று ஒரு அட்டையில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். சாயங்காலம் எண்ணினால் பாதிக்கு மேல் 10-11தான்!

அன்று ராத்திரி லைப்ரரி புத்தகத்தைத் திறந்தால், நான் கோடு போட்ட வேலையைப் பெரிய ஆட்களே செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டொனால்டு கனூத் என்ற பேராசிரியர், ஜனங்கள் நிஜமாக எழுதுகிற ஃபோர்ட்ரான் புரோகிராம்கள் எப்படி இருக்கின்றன என்று ஆராய்ந்து 1971-ல் வெளியிட்டார். ஆரம்பத்தில் குப்பைக் கூடையில் கிடந்த பிரிண்ட் அவுட்டைக்கூடப் பொறுக்கிப் பார்த்தார்களாம். குப்பைக்குப் போவது பெரும்பாலும் தப்புத் திருத்தாத புரோகிராம் என்பதால் அது சரிப்படவில்லை. (நம் லேப் குப்பைக் கூடையும் அப்படித்தான்!) கடைசியில் தெரிந்தது என்ன? ஒரு புரோகிராமில் 4 சதவீதத்துக்கும் குறைவான பகுதிதான் ஓடுகிற நேரத்தில் பாதிக்கு மேல் சாப்பிடுகிறது.

அடுத்தது வாக்ஸ்-11/780. டிஜிட்டல் ஈக்விப்மென்ட் கம்பெனி 1977-ல் கொண்டுவந்த மெஷின். அதற்குச் சுமார் 300 கட்டளைகள். பல்லுறுப்புக் கோவைக்கு விடை காணவே தனிக் கட்டளை உண்டு. சுவரில் மாட்டிய டூல் செட்டேதான்! செகண்டுக்குப் பத்து லட்சம் கட்டளை ஓட்டும் மெஷின் என்று எல்லோரும் நம்பினார்கள். ஜோயல் எமர், டக்ளஸ் கிளார்க் என்ற இரண்டு இன்ஜினியர்கள், ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்த மெஷினிலேயே கருவியை மாட்டி எண்ணி, 1984-ல் கணக்கை வெளியிட்டார்கள். சராசரியாக ஒரு கட்டளைக்கு 10.6 சைக்கிள். ஒரு சைக்கிள் 200 நானோ செகண்ட். வகுத்துப் பாருங்கள், ஐந்து லட்சம்கூடத் தேறாது!

மறுநாள் பெருமையாக அட்டையை அப்பாவிடம் நீட்டினேன். கை துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். "மேக்னட் புல்லருக்கு ஒரு கோடுதான் போட்டிருக்க. அந்த மேக்னட்டைக் கழட்ட எவ்வளவு நேரம் ஆச்சு?"

முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. எத்தனை தடவை என்று எண்ணினேனே தவிர, எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லை.

புத்தகத்தில் நான் புரியாமல் தாண்டிப்போன பக்கம் அதுதான். வாக்ஸில் ஓடிய கட்டளைகளில் எண்பது சதவீதத்துக்கு மேல் சாதாரணக் கட்டளைகள். ஆனால் ஃபங்ஷனைக் கூப்பிட்டுத் திரும்பி வருகிற கட்டளைகள் எண்ணிக்கையில் கொஞ்சமாக இருந்தும் நேரத்தை அள்ளிக்கொண்டு போயின. பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன் குழு 1980-களின் தொடக்கத்தில் ரிஸ்க்-1 சிப்பை வடிவமைத்தபோது இரண்டு கணக்கையும் பார்த்தது. கட்டளைகளை முப்பத்தொன்றாகக் குறைத்தார்கள். பெருக்கலுக்குக்கூடத் தனிக் கட்டளை கிடையாது. மிச்சமான இடத்தில் நிறைய ரிஜிஸ்டர்களை வைத்து, ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் புதிதாக ஒரு தொகுதி கிடைக்கும்படி செய்தார்கள். பழைய மதிப்புகளை மெமரியில் கொண்டுபோய் வைக்கிற அலைச்சல் பெரும்பாலும் மிச்சம். 'ரிஜிஸ்டர் விண்டோ' என்று நான் மனப்பாடம் செய்து பரீட்சையில் தப்பாக எழுதினேனே, அது எதற்காக வந்தது என்று அன்றுதான் புரிந்தது! அதே பெர்க்லியில் 2010-ல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவை வைத்துத்தான் நம் சென்னை ஐ.ஐ.டி. 'சக்தி' பிராசசரைச் செய்தது.

இதை அப்பாவிடம் சொன்னேன். பாதி புரிந்திருக்கும். "அவங்களும் ஒக்காந்து எண்ணுனாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

காலேஜ் திறந்த அன்று அப்பா என்னைக் கடைக்குக் கூப்பிடவில்லை. அரியர் ஃபீஸ் பணம் மேஜைமேல் இருந்தது. நோட்டில் கிரீஸ் கறை. ஆபீஸில் வாங்குவார்களா என்று பயந்துகொண்டே கட்டினேன். பரீட்சை எழுதிவிட்டேன். ரிஜிஸ்டர் விண்டோ கேள்வி வரவில்லை. ரிசல்ட் இன்னும் வரவில்லை.

- மூன்றாம் ஆண்டு, கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்