காகமில்லாத கண்டம்

போனஸ் அயர்ஸ் நகரில் நவம்பர் மாதம் வசந்த காலம். நம்மவர் இல்லங்களில் கார்த்திகை அகல்களைத் தேடி எடுக்கும் நாட்களில், அங்கே தெருவெங்கும் ஜக்கரந்தா மரங்கள் ஊதாப் பூக்களைச் சொரிந்துகொண்டிருக்கின்றன. 2023-ஆம் ஆண்டு அப்பருவத்தில் இரண்டு வாரம் அங்கே தங்க நேர்ந்தது. அழைத்தவர் என் பால்ய நண்பர். கல்கத்தாவில் லேக் மார்க்கெட் அருகே ஒரே மாடிப்படியின் எதிரெதிர் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள்.

ஒரு செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2020 ஆகஸ்டில் அவருடைய தாயார் காலமானார். கொரோனாவினால் விமானங்கள் நின்றுபோயிருந்த காலம். ஒரே மகன் வர இயலவில்லை. கேவடாதலா மயானத்தில் கொள்ளி வைத்ததும், மற்றக் கிரியைகளைச் செய்ததும் நான்தான். அதன்பின் மூன்றாண்டுகளில் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஊருக்கு வந்ததும் இல்லை. அந்தச் சங்கடத்தைச் சுமந்துகொண்டேதான் விமானம் ஏறினேன்.

முதல் வாரம் நகரைச் சுற்றினோம். 1936-இல் எழுப்பிய ஒபெலிஸ்கோ என்னும் கூர்ந்த தூண், 1908-இல் திறந்த கொலோன் நாடக அரங்கம், 1913 முதல் ஓடும் பாதாள ரயில் ஆகியவை பற்றி வழிகாட்டி நூல்களே விரிவாகக் கூறும். கல்கத்தாவாசியான எனக்கு அவற்றினும் பெரிதாகப்பட்டது ரெதீரோ நிலையத்திலிருந்து ரயிலேறிச் சென்ற சான் இசிட்ரோ. பெரு நாட்டுக்குப் புறப்பட்ட ரவீந்திரநாத தாகூர், 1924 நவம்பரில் நோயுற்று இந்நகரில் இறங்கினார். விக்டோரியா ஒகாம்போ என்ற எழுத்தாளர் அவரைச் சான் இசிட்ரோவில் நதியை நோக்கிய ஒரு மாளிகையில் குடியமர்த்தி, இரண்டு மாதங்கள் உபசரித்தார். கவிஞர் சாய்ந்திருந்த நாற்காலியையும் கப்பலில் உடன் அனுப்பினார். அறைக்குள் அது நுழையாமற்போகவே கதவைக் கழற்ற வேண்டியதாயிற்றாம். ‘பூரபி’ நூலைக் கவி இவருக்கே, விஜயா என்று பெயரிட்டுச் சமர்ப்பித்தார்.

நண்பருக்குப் பறவைகளில் பித்து. திங்கட்கிழமை தவிர மற்ற நாட்களில் விடியுமுன் என்னை எழுப்பிக் கொஸ்தனேரா சூர் காப்பகத்துக்கு இழுத்துச் செல்வார். திங்களன்று அதற்கு விடுமுறை, எனக்கும். அவ்விடத்தின் கதை விசித்திரமானது. நெடுஞ்சாலைகள் போடுவதற்காக இடித்த கட்டடங்களின் கற்களையும் செங்கற்களையும் 1970-களின் இறுதியில் நதியில் கொட்டி நிலமாக்க முயன்றார்கள், பின்னர் கைவிட்டார்கள். மேட்டில் தானாகவே நாணலும் மரமும் முளைத்தன, குட்டைகள் தேங்கின, பறவைகள் வந்தன. 1986-இல் அரசாரே அதைக் காப்பகமாக்கினர். இன்று சுமார் 350 ஹெக்டேர் பரப்பில் முந்நூறுக்கு மேற்பட்ட பறவையினங்கள்! கரையோரம் நடந்தால், யாருடைய வீட்டுச் சுவரோ தரையோ, அலையில் தேய்ந்து உருண்ட செங்கல்லும் ஓடுமாய்க் காலில் இடறும். வெள்ளி நதி என்று பெயர். நீரோ நம் ஹூக்ளியைப் போலவே காவி நிறம். மறுகரை தெரிவதில்லை.

கழுத்து மட்டும் கறுத்த அன்னங்களைக் கண்டேன். நம் ஆட்காட்டிக்கு ஒன்றுவிட்ட சகோதரனான ‘தேரோ’, தன் பெயரைத் தானே கூவி எங்களை விரட்டியது. அங்குள்ள பச்சைக்கிளி பொந்தில் வாழ்வதில்லை. சுள்ளிகளை அடுக்கிக் கூட்டுக் குடித்தனம் நடத்துகிறது. எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்தது ஓர்னெரோ. 1928 முதல் அதுவே அந்நாட்டின் தேசியப் பறவை. பழுப்புக் குருவி, சேற்றையும் வைக்கோலையும் குழைத்து ரொட்டி அடுப்பைப் போலக் கூடு கட்டும். உள்ளே ஒரு தடுப்புச் சுவர்கூட உண்டு. பெரும்பாலும் அடுத்த ஆண்டு அதில் குடியிராது, வேறொன்று கட்டிக்கொள்ளும்.

அத்தகைய காலிக் கூடு ஒன்றன் எதிரே பலகையில் அமர்ந்து, நண்பரின் மனைவி கட்டித் தந்த புளியோதரையைப் பிரித்தோம். “இந்தக் கண்டம் முழுதும் தேடினாலும் காகம் கிடையாது, தெரியுமா?” என்றார் நண்பர். “அமாவாசைதோறும் மாடத்தில் சோறு வைக்கிறோம். புறாவும் கிளியும் தின்றுவிட்டுப் போகின்றன.”

நான் பேசவில்லை. சற்றுப் பொறுத்துக் கேட்டார்: “அம்மாவுக்குப் பத்தாம் நாள் பிண்டம் வைத்தாயே, காகம் வந்ததா?”

வந்தது என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். மூன்றாண்டு மௌனத்துக்குப் பின் பொய் சொல்ல மனம் துணியவில்லை. “நெடுநேரம் வரவில்லை. ஏதோ குறை இருக்கிறது, வாய்விட்டுச் சொல் என்றார் சாஸ்திரிகள். ‘அவன் சௌக்கியமாக இருக்கிறான்; வழி திறந்ததும் வருவான்’ என்று உன் சார்பில் வாக்குக் கொடுத்தேன். பிறகுதான் வந்தது” என்றேன்.

“மணி என்ன?”

“காலை ஆறரை.”

“இங்கே முந்தின இரவு பத்து” என்றார். தூரதரிசினியைக் கண்ணில் வைத்துக்கொண்டு குட்டைப் பக்கம் திரும்பினார். அங்கே பறவை ஒன்றும் இல்லை. நான் புளியோதரையை மறுபடி மூடி வைத்தேன்.

அவருடைய குறிப்பேட்டில் அன்று முப்பத்தொரு பறவைகளின் பெயர் ஏறியிருந்தது. அதற்குமேல் அவர் எழுதவில்லை. வாயிலை நெருங்கும்போது, தை அமாவாசை எந்தத் தேதியில் வருகிறது என்று விசாரித்தார். பிப்ரவரி 9 என்றேன்.