காற்றில் சிவக்கும் அரிசி

சீனத்தின் தென்கிழக்குக் கரையில் உள்ள ஃபுஜியன் மாநிலத்தில் மது வடிப்பதற்கும், இறைச்சிக்கும் புளிக்கவைத்த சோயாக் கட்டிக்கும் நிறமேற்றுவதற்கும் பல நூற்றாண்டுகளாகப் பயன்பட்டுவரும் சிவப்பு அரிசி, வயலிலிருந்து வீட்டுக்கு வரும்போது சாதாரண வெள்ளை அரிசிதான். அதை வேகவைத்து, அதன்மேல் மொனாஸ்கஸ் என்னும் பூஞ்சையை வளரவிட்டு, மெல்லிய இழைகள் பருக்கைக்குள் ஊடுருவிய பிறகு உலர்த்தி எடுக்கிறார்கள். நல்ல சரக்கின் ஒரு பருக்கையை விரலால் நசுக்கினால் மேலே கருஞ்சிவப்பாகத் தெரிந்தது உள்ளேயும் சிவந்தே இருப்பதைக் காணலாம். மேற்பூச்சாகச் சாயம் ஏற்றிய அரிசியிடம் இதை எதிர்பார்க்க முடியாது. இந்தப் பூஞ்சைப் பேரினத்துக்கு 1884இல் பெயரிட்டவர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் வான் டீகெம்; ஜாவாவில் விற்கப்பட்ட சிவப்பு அரிசியிலிருந்து மொனாஸ்கஸ் பர்ப்யூரியஸ் என்னும் இனத்தைப் பிரித்தெடுத்து 1895இல் விவரித்தவர் டச்சு அறிஞர் வென்ட்.

எனினும், இந்த வளர்ப்பைக் குறித்து நெஞ்சில் நிற்கும்படி எழுதியவர் நுண்நோக்கியையே பார்த்திராத ஒருவர். சோங் யிங்சிங் 1587இல் ஜியாங்சி மாநிலத்தில் பிறந்தார். தலைநகரில் நடந்த அரசுப்பணித் தேர்வை மீண்டும் மீண்டும் எழுதியும் தேறாமல் ஊர் திரும்பினார். நெற்பயிர் வளர்ப்பது முதல் மணி வார்ப்பது வரை கைத்தொழில்கள் பலவற்றை விவரிக்கும் 'தியன்கோங் காய்வு' என்னும் நூலை 1637இல் வெளியிட்டார். மது, மருந்து ஆகியவற்றுக்கான நொதிப்பொருள்களைப் பேசும் இயலில், இந்தச் சிவப்பு அரிசிக்கு அவர் தனி இடம் தருகிறார். அரிசியை ஏழு நாள் நீரில் ஊறப்போட வேண்டும். அதற்குள் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு நாற்றமெடுக்கும். ஓடும் ஆற்றுநீரில் அலசினாலும் அது முற்றிலும் போகாது, ஆனால் ஆவியில் வைத்ததும் நாற்றம் நறுமணமாக மாறிவிடும் என்கிறார். பாதி வெந்ததை இறக்கிக் குளிர்நீர் ஊற்றி, மறுபடியும் ஏற்றி முழுவதும் வேகவைத்து, சிவப்பு மதுவின் மண்டியைக் கொண்டு செய்த வித்தை, அதாவது பூஞ்சை உயிரோடிருக்கும் உறையை, சூடு தணிவதற்குள் பலர் கூடிக் கைகளால் கலக்கிறார்கள். ஆறிப்போன சோறு யாரும் அடுப்பேற்றாமல் தானே மறுபடி வெதுவெதுப்பானால் வித்துப் பிடித்துவிட்டது என்று பொருள். பின்னர் அதைக் கூடையிலிட்டுப் படிகார நீரில் ஒருமுறை நனைத்து, மூங்கில் தட்டுகளில் பரப்பி, அடுக்குச் சட்டங்களில் காற்றோட்டமாக வைக்கிறார்கள்.

நெருப்பும் நீரும் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டன என்றும், இனி எல்லாம் காற்றின் பொறுப்பு என்றும் சோங் கருதுகிறார். கூடம் உயரமாகவும் விசாலமாகவும் இருக்க வேண்டும், ஓட்டின் வெக்கை தட்டுகளில் இறங்கக் கூடாது, வாசல் தெற்கு நோக்கி இருக்க வேண்டும், மேற்கு வெயில் உள்ளே புகக் கூடாது என்று அவர் அடுக்கிச் சொல்லும் விதிகள் ஒரு தொட்டில் குழந்தைக்கு அறை ஒதுக்குபவரின் கவலையோடு இருக்கின்றன. இந்தப் பகுதியின் உச்சம் காவலர்களைப் பற்றியது: சோறு தட்டுகளில் இருக்கும் ஏழு நாளும் அவர்கள் அடுக்குகளுக்குக் கீழேயே உட்கார்ந்தும் படுத்தும் கிடக்கிறார்கள், அயர்ந்து உறங்குவதில்லை, நள்ளிரவில் பலமுறை எழுந்து கிளறிவிடுகிறார்கள். முதலில் பனிவெள்ளையாக இருந்த சோறு ஓரிரு நாளில் கறுத்து, கருமை பழுப்பாகி, பழுப்பு காவியாகி, காவி சிவந்து, சிவப்பு முற்றியதும் இலேசாக மஞ்சள் பூக்கும் வரையிலான மாற்றத்தை அவர் படிப்படியாகப் பதிவு செய்கிறார். தொழில்நுட்ப நூல்களில் வேலையைப் பற்றி நிறைய எழுதப்படுவதுண்டு. அந்த வேலைக்காக உறக்கம் இழந்தவர்களுக்கு இடம் கொடுத்த நூல்கள் குறைவு. தேர்வில் தோற்ற இந்த மனிதர் அந்தக் கூடத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும் என்று வாசகர் நம்பத் தொடங்குவது இவ்விடத்தில்தான்.

அவர் குறித்த செய்கைகளுக்குப் பிற்கால அறிவியல் காரணம் கூறுகிறது. நாறும் ஊறலில் பெருகும் நுண்ணுயிர்கள் அரிசியைப் புளிக்கச் செய்கின்றன. படிகாரமும் அமிலத் தன்மை கூட்டுவதே. வேண்டாத பாக்டீரியாக்கள் பல அந்தப் புளிப்பில் தலையெடுக்க மாட்டா, மொனாஸ்கஸ் அதைத் தாங்கிக்கொள்ளும். வளரும் பூஞ்சை ஆக்சிஜனை உண்டு வெப்பத்தை வெளிவிடுவதால், குவியலாகக் கிடந்தால் தன் சூட்டில் தானே மடியும். மெல்லியதாகப் பரப்புவதும், கிளறுவதும், காற்றோட்டமும் அந்தச் சூட்டை இறக்குகின்றன.

நிறம் பிறக்கும் விதம் இன்னும் வியப்புக்குரியது. பூஞ்சை முதலில் ஆக்குபவற்றுள் ருப்ரோபங்டாடின், மொனாஸ்கோருப்ரின் என்னும் இரண்டு ஆரஞ்சு நிறமிகள் உள்ளன. இவற்றின் மூலக்கூறு வளையம் ஒன்றில் அமர்ந்திருக்கும் ஆக்சிஜன் அணு, அமோனியாவோ அமினோ அமிலமோ அருகில் வந்தால் தன் இடத்தை நைட்ரஜனுக்கு விட்டுக்கொடுக்கிறது. அந்த ஓர் அணு மாறியதும் ஆரஞ்சு சிவப்பாகிறது. ஆகவே ஆய்வகத் திரவ வளர்ப்பில், பூஞ்சைக்கு எந்த நைட்ரஜன் உணவைக் கொடுக்கிறோம் என்பதும், அந்தத் திரவம் எவ்வளவு புளித்திருக்கிறது என்பதும் நிறத்தை முடிவு செய்கின்றன. அஜினமோட்டோ என்று அறியப்படும் மோனோசோடியம் குளுட்டமேட்டை ஊட்டினால், நீரில் கரையாமல் இழைகளுக்குள்ளேயே தங்கிவிடும் ஆரஞ்சுக்குப் பதிலாக, நீரில் கரைந்து வெளியே பரவும் சிவப்பு கிடைக்கிறது. இந்தச் சிவப்பைப் பூஞ்சையின் படைப்பு என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. அதற்குக் கிடைத்த உணவுக்கும் அதில் சம பங்கு உண்டு.

இந்த அரிசியை மெலிதாகப் பூசினால் கடுங்கோடையிலும் மீனும் இறைச்சியும் பத்து நாள் வரை கெடுவதில்லை, ஈ அண்டுவதில்லை என்றும் சோங் போற்றினார். மொனாஸ்கஸிலிருந்து கிடைத்த, பாக்டீரியாக்களைத் தடுக்கும் பொருள் ஒன்று மொனாஸ்கிடின் எனப் பெயர் பெற்றிருந்தது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் என்னும் நஞ்சே என்று 1995இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினர். சோங் கண்ட காக்கும் ஆற்றலில் இந்த நஞ்சுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கக்கூடும். சிவப்பு அரிசி நிறமியை ஜப்பான் உணவில் அனுமதித்திருக்க, ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் உணவு வண்ணமாக ஏற்காதிருக்கின்றன. சிட்ரினினை ஆக்கும் மரபணுவைச் செயலிழக்கச் செய்தாலும் பூஞ்சை நிறம் தருவதை நிறுத்துவதில்லை என்பது பின்னர் நிறுவப்பட்டது. நஞ்சையும் நிறத்தையும் பிரிக்க முடியும் என்ற நம்பிக்கை அதனால் வலுப்பட்டது.

1979இல் அகிரா எண்டோ மொனாஸ்கஸிலிருந்து கொழுப்பைக் குறைக்கும் பொருளைக் கண்டறிந்த பின், சிவப்பு அரிசி மாத்திரையாகவும் விற்பனைக்கு வந்தது. அத்தகைய மாத்திரைகளை உட்கொண்டவர்களின் சிறுநீரகங்கள் பழுதுபட்ட செய்தி 2024 மார்ச்சில் ஜப்பானில் வெளியானபோது, முதல் ஐயம் சிட்ரினின் மீதே விழுந்தது. ஆனால் அந்த மாத்திரைகளுக்காக வளர்க்கப்பட்ட மொனாஸ்கஸ் பைலோசஸ் இனத்துக்கு அதை ஆக்கும் மரபணுக்கள் இல்லை. சோதனையிலும் அது அகப்படவில்லை. அகப்பட்டது பியூபெருலிக் அமிலம். அதை ஆக்கியது வளர்ப்பிடத்தில் குடிகொண்டிருந்த பெனிசிலியம் வகை நீலப்பூஞ்சை. மொனாஸ்கஸ் தன் வேலையை ஒழுங்காகவே செய்திருந்தது. அதனோடு வேறொன்றும் வளர்ந்துகொண்டிருந்ததை உரியவர்கள் பொருட்படுத்தவில்லை. கையும் தட்டும் மாசற்றிருக்க வேண்டும், எள்ளளவு அழுக்கு புகுந்தாலும் முழு வளர்ப்பும் பாழாகும் என்ற எச்சரிக்கை சோங்கின் அதே பக்கங்களில் இருக்கிறது.