கிளாக் மெதுவாக ஓடினால் போதுமா?

செங்கோட்டை ஸ்டேஷனில் சில ஆண்டுகள் இருவகைப் பாதைகள் முட்டிக்கொண்டு நின்றன. விருதுநகர்ப் பக்கம் அகலப் பாதை. புனலூர்ப் பக்கம் 1904இல் ரயில் ஓடத் தொடங்கிய மீட்டர் கேஜ். பயணிகள் இறங்கி வண்டி மாறினார்கள். 2018இல் மலைப்பாதையும் அகலமாகி அந்தச் சிரமம் தீர்ந்தது. சர்க்யூட் போர்டின் செம்புத் தடத்தில் ஓடும் சிக்னலுக்கு வண்டி மாறும் வசதி கிடையாது. 50 ஓம் இம்பீடன்ஸ் உள்ள தடம் திடீரென 75 ஓமாக மாறினால், மின்னழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிவிடும்.

இதெல்லாம் கிகாஹெர்ட்ஸில் ஓடும் சர்வர் போர்டுகளின் கவலை, கல்லூரி ப்ராஜெக்டுக்கு எதற்கு என்பார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது. பார்க்க வேண்டியது கிளாக்கின் வேகத்தை அல்ல, சிக்னல் 0விலிருந்து 1க்கு ஏறும் நேரத்தை. வெறும் 10 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கானாலும், இன்றைய சிப்பிலிருந்து வந்தால் ஒரு நானோ நொடியில் ஏறிவிடலாம். கண்ணாடியிழை போர்டில் அதற்குள் சிக்னல் சுமார் 15 சென்டிமீட்டர் போய்விடும். அதில் ஆறில் ஒரு பங்கை, அதாவது இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டிய தடத்தை வெறும் கம்பியாக எண்ணக்கூடாது என்பது வடிவமைப்பாளர்களின் கைக்கணக்கு. தயாரிப்பாளர்கள் பழைய சிப்பையே சிறிய டிரான்சிஸ்டர்களால் புதுப்பித்து விற்கும்போது ஏறும் நேரம் மேலும் குறைகிறது. சிப்பின் எண் அதேதான். நேற்றுவரை ஓடிய போர்டு இன்று தடுமாறும்.

டிஜிட்டலில் இருப்பது 0, 1 இரண்டுதானே, நடுவில் கொஞ்சம் நடுங்கினால் என்ன என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. டேட்டா தடத்தில் நடுக்கம் அடங்கியபின் படித்துக்கொள்ளலாம். கிளாக்குக்கு அந்தச் சலுகை இல்லை. திரும்பி வந்த அலை எல்லைக்கோட்டை மறுபடி கடக்கவைத்தால் சிப் ஒரு துடிப்பை இரண்டாக எண்ணிவிடும். கிளாக்கைக் குறைத்துப் பயனில்லை. ஏறும் நேரம் மாறவில்லையே! போன மின்னோட்டம் திரும்பும் வழியும் கவனத்துக்குரியது. அது தடத்துக்கு நேர் கீழே, கிரவுண்ட் தளத்தில் வருகிறது. அங்கே ஒரு வெட்டு விழுந்திருந்தால் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்துத் தடங்களையும் கெடுக்கும். சர்க்யூட் படத்தில் இந்த வழியை யாரும் வரைவதில்லை. பாடத்திலும் விட்டுப்போவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

தென்காசி அருகே மத்தளம்பாறையில் இருந்தபடியே மென்பொருள் எழுத முடியும் என்று ஸோஹோ காட்டிவிட்டது. போர்டு வடிவமைப்பிலும் பெரும்பகுதி கணினி முன் நடக்கும் வேலைதான். இந்த மாவட்டத்து மின்னணுவியல் ஆசிரியர்கள் ஒன்று செய்யலாம். கிளாக் புறப்படும் சிப்பின் கால் அருகே ஒரு 33 ஓம் ரெசிஸ்டரைச் சேர்த்தும் எடுத்தும், தடத்தின் மறுமுனையை மாணவர்களுக்கு ஆசிலோஸ்கோப்பில் காட்டுங்கள். கருவி குறைந்தது 350 மெகாஹெர்ட்ஸ் திறனுள்ளதாக இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் ஒரு நானோ நொடி ஏற்றத்தை அது மழுக்கித்தான் காட்டும்.