கராஜில் பிறந்த கார்... மணல் மலையில் ஒரு நாள்!

அமெரிக்காவின் சான் டியாகோவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, எதிர்வீட்டு கராஜிலிருந்து தினமும் சாயங்காலம் 'டொக் டொக்' சத்தம் கேட்கும். ஒருநாள் எட்டிப் பார்த்தேன்.

கதவு இல்லை. கூரை இல்லை. வளைத்து வெல்டிங் செய்த இரும்புக் குழாய்களுக்கு நடுவே இரண்டு ஸீட். பின்னால் திறந்தவெளியில் ஒரு இன்ஜின்.

"நானே கட்டிய கார். பாலைவன மணலில் ஓட்டுவதற்கு. சனிக்கிழமை போகிறோம், நீங்களும் வாருங்களேன்" என்றார், எழுபதைத் தாண்டிய அந்தப் பெரியவர்.

அடிப்படை எது தெரியுமா? ஆமை முதுகு போல வளைந்த பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில்! அதில் இன்ஜின் பின்னால் இருக்கும். ஓடுகிற சக்கரங்கள் மேலேயே எடை உட்காருவதால் மணலில் பிடிமானம் கிடைக்கும். காற்றிலேயே குளிரும் இன்ஜின் என்பதால் ரேடியேட்டரும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். பாலைவனத்துக்கு வேறென்ன வேண்டும்?

1964-ல் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த புரூஸ் மேயர்ஸ் என்பவர், படகு செய்யும் ஃபைபர் கிளாஸிலேயே காருக்கு உடல் செய்தார். 'மேயர்ஸ் மாங்ஸ்' என்று பெயர். 1967-ல் மெக்ஸிகோவின் டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை நடந்த முதல் பாலைவனப் பந்தயத்தில், சுமார் 27 மணி 38 நிமிடத்தில் ஜெயித்தது ஒரு மாங்ஸ்தான். அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு பீட்டிலைப் பிரித்துக் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை. தாத்தாவும் கல்லூரியில் படிக்கும் பேரனும் காரைத் தயார் செய்தார்கள். எண்ணெயில் நனைத்த ஸ்பாஞ்ச் ஏர் ஃபில்டரைக் கழுவிப் போட்டார்கள். நுண்மணல் இன்ஜினுக்குள் போனால் உள்ளே உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகிவிடுமாம். சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் மூட்டுகளின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார்கள். கிழிந்தால் மணல் கிரீஸோடு கலந்து மூட்டையே தின்றுவிடும்.

கடைசியாக, பெரியவர் டார்ச்சோடு காருக்கு அடியில் படுத்தார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

முன் ஷாக் அப்ஸார்பரைத் தாங்கும் இரும்புக் கொம்பின் அடியில், தலைமுடி அகலத்துக்கு ஒரு விரிசல்!

பேரன் முகம் வாடிவிட்டது. நண்பர்கள் காத்திருக்கிறார்கள். "ஒரே ஒரு நாள்தானே தாத்தா, தாங்கும்."

"தாங்கலாம். தாங்காமலும் போகலாம். பக்கத்து ஸீட்டில் இவர் உட்காரப் போகிறாரே" என்று என்னைக் காட்டினார் பெரியவர்.

பயணம் ஒரு வாரம் தள்ளிப்போனது. விரிசல் முடியும் இடத்தில் சின்னதாகத் துளை போட்டார்கள். அப்போதுதான் அது மேலே ஓடாதாம். பிறகு தேய்த்து, வெல்டிங் செய்து, முக்கோணத் தகடு வைத்து, கொம்பிலிருந்து மேல் சட்டத்துக்கு ஒரு குழாயும் கொடுத்தார்கள். பேரன் அந்த வாரம் முழுக்கச் சரியாகப் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை, காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு கிழக்கே புறப்பட்டோம். வயல்கள் முடிந்ததும் சட்டென்று மணல் மலைகள்! இம்பீரியல் மணல் குன்றுகள். 60 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். சில குன்றுகள் 300 அடி உயரம். 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை' படத்தின் பாலைவனக் காட்சிகளை இங்கேதான் எடுத்தார்கள். 1915-ல் மணல்மேல் மரப்பலகைகளை அடுக்கிப் போட்ட ரோட்டின் மிச்சம் இன்றும் இருக்கிறது.

டயர்களில் காற்றைக் குறைத்தார்கள். பின் டயர்களில் துடுப்பு மாதிரி பட்டைகள். வண்டியில் உயரமான கம்பத்தில் கொடி கட்டாமல் உள்ளே போக முடியாது. குன்றுக்கு அந்தப் பக்கம் வருகிறவருக்கு முதலில் தெரிவது அந்தக் கொடிதான்.

பெரியவர் ஓட்டினார். வண்டி படகு மாதிரி மிதந்தது. ஒவ்வொரு உச்சியிலும் வண்டியைப் பக்கவாட்டில் திருப்பி, அந்தப் பக்கம் பார்த்த பிறகே இறக்கினார்.

நிழலில் உட்கார்ந்து சாப்பிடும்போது சொன்னார்: "பல வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு விரிசலைப் பார்த்தும் வந்தேன். ஒரு பள்ளத்தில் கொம்பு முறிந்தது. என் மனைவிக்குக் காரை எலும்பு உடைந்தது. அதன்பிறகுதான் ஐந்து பட்டை ஸீட் பெல்ட் போட்டேன். இந்தக் காரில் இருக்கிற ஒவ்வொரு புதுப் பாகத்துக்கும் பின்னால் என் பழைய தப்பு ஒன்று இருக்கிறது."

பேரன் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கும் அது புதுச் செய்தி போலிருக்கிறது.

மறுநாள் மாலை எதிர்வீட்டில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

பேரன்தான். கையில் தாத்தாவின் டார்ச்!