மிதவைக்குள் பெட்ரோல்

அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டி நிரவிக்குப் போகும் சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் பானட் திறந்தபடி பிரீமியர் பத்மினி ஒன்று நிற்கிறது. வெண்ணெய் நிறம். பின்சக்கரத்துக்கு மேலே கடற்காற்று அரித்த துரு. பக்கத்தில் ஸ்டூல் போட்டு மெக்கானிக் பாய் உட்கார்ந்திருக்கிறார். கையில் ஸ்பேனர் இல்லை.

"ஸ்டார்ட் பண்ணுங்க சார்."

வண்டிக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்புகிறார். எஞ்சின் பிடிக்கிறது. சோக்கை உள்ளே தள்ளியதும் தடுமாறுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் விக்கிவிட்டுத்தான் எழும்புகிறது. பின்னால் கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை.

"கார்பரேட்டரையே புதுசா மாத்திடலாமா பாய்?"

பாய் பதில் சொல்லவில்லை. பிளக்குகளைக் கழற்றும்படி உதவிக்கு நிற்கும் பையனுக்குக் கண் காட்டுகிறார். நான்கிலும் கரி. பாயிண்ட் இடைவெளியைப் பார்க்கிறார். சரியாக இருக்கிறது. பெட்ரோல் பம்பிலிருந்து வரும் குழாயைப் பிடுங்கிப் புட்டிக்குள் விட்டு, சாவியைத் திருப்பச் சொல்கிறார். விட்டுவிட்டுப் பீய்ச்சுகிறது. கரண்டிலும் பம்பிலும் குறையில்லை என்று தெரிந்த பிறகுதான் ஏர் கிளீனரில் கை வைக்கிறார்.

கார்பரேட்டரின் தொண்டைக்குள் டார்ச் அடித்து, ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுக்கிறார். மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பாய வேண்டும். ஒன்றும் வரவில்லை.

"ஆக்சிலேட்டர் பம்ப் டயாபரம் போச்சு. அதான் விக்குது."

கழற்றிவிடுவார் என்று பையன் ஸ்பேனரை நீட்டுகிறான். அவர் வாங்கவில்லை. குழாயையும் பிளக்குகளையும் மாட்டி எஞ்சினை ஓடவிட்டு மறுபடி எட்டிப் பார்க்கிறார். மெதுவாக ஓடும்போது மெயின் நாசிலின் வழி பெட்ரோல் சொட்டக் கூடாது. சொட்டுகிறது. விக்கலுக்கு ஒரு காரணம், புகைக்கு இன்னொன்று. இப்போதுதான் ஸ்பேனருக்குக் கை நீட்டுகிறார்.

கழற்றிய கார்பரேட்டரின் பக்கவாட்டில் 'சோலக்ஸ்' என்ற எழுத்து. கூதார், மென்னெசோன் என்ற இரண்டு பிரெஞ்சுப் பொறியாளர்கள் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் அது. வண்டியோ இத்தாலிய பியட்டின் 1100 மாடல். பம்பாய் குர்லா ஆலையில் உருவாகி, எழுபதுகளில் பத்மினி ஆனது. 1954 நவம்பர் வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட இந்த ஊரில் இரண்டையும் ஒன்றாகப் பிரித்துப் பூட்டுகிறார்கள். கொட்டகையில் யாரும் இதைப் பேசவில்லை. மேல்மூடியின் திருகுகள் எங்கே உருண்டுபோயின என்பதே அங்கே பேச்சு.

மூடிக்குக் கீழே கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி, பித்தளை ஓரங்களில் பச்சைக் களிம்பு. பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரையும் பதம் பார்க்கும். உப்புக்காற்று வீசும் ஊரில் மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தினால் கிண்ணத்துக்குள் இப்படித்தான் பூக்கும்.

பித்தளை மிதவையை எடுத்து, தேங்காய் வாங்குகிறவர் போலக் காதருகே ஆட்டுகிறார். உள்ளே தளும்பும் சத்தம்.

"டீக்கடையில ஒரு டம்ளர் வெந்நி வாங்கியாடா."

வெந்நீரில் அமுக்கியதும் மிதவையின் தையலோரம் கொப்புளங்கள் வரிசையாக எழுகின்றன. அந்த இடத்தில் ஆணியால் ஒரு கீறல் போடுகிறார். உள்ளே போன பெட்ரோல் முழுக்க வெளியேறி வாடையும் போன பிறகே சூட்டுக்கோல் வருகிறது. ஈயம் மிளகளவுகூட இல்லை. கூடுதலாக வைத்தால் மிதவை கனத்துத் தாழ்ந்து மிதக்கும். ஊசி வால்வு நேரத்துக்கு அடைக்காது, மறுபடி சொட்டும். ஆறிய மிதவையைத் திரும்ப வெந்நீரில் அமுக்குகிறார். கொப்புளம் இல்லை.

ஜெட்டுகளைப் பையன் கழுவுகிறான். அடைப்பு எடுக்கக் கம்பியைத் தேடுகிறவனின் மணிக்கட்டை பாய் பிடித்துக்கொள்கிறார். ஜெட்டின் தலையில் பொறித்த எண் துளையின் அளவு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காக. 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். கம்பி ஒரு சுற்றுச் சுரண்டினால் எண் பொய்யாகிவிடும். கம்ப்ரசர் காற்றை அடித்து, ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டுகிறார். வட்டம் முழுசாகத் தெரிகிறது. கம்பி டப்பாவுக்குள் போகிறது.

வருஷக்கணக்காக இறுக்கியதில் அடித்தகடு வளைந்திருக்கிறது. அந்தச் சந்தில் திருட்டுக் காற்று நுழையும். கண்ணாடிப் பலகையில் உப்புத்தாள் ஒட்டி, எட்டு வரைவதுபோல் தேய்க்கிறார். ரிப்பேர் கிட்டிலிருந்து டயாபரம், ஊசி வால்வு, பேக்கிங்குகள் மட்டும் புதுசு. மற்றதெல்லாம் கழுவிய பழசு.

எல்லாம் ஏறிய பிறகு எஞ்சினைச் சூடாக விடுகிறார். திருப்புளியால் ஸ்லோ மிக்சர் திருகை உள்ளே கொண்டுபோகிறார். எஞ்சின் தளர்கிறது. வெளியே எடுக்கிறார். சீராகிறது. இன்னும் கொஞ்சம் எடுத்ததும் கனமாக அதிர்கிறது. நடுவில் ஓரிடத்தில் விரல் நிற்கிறது. ஆசிரியர் மிதிக்கிறார். விக்கல் இல்லை.

"இனிமே வராதே பாய்?"

"வரும் சார். நிறுத்தி வெச்சா வரும். வாரத்துக்கு ஒரு நாள் திருநள்ளாறு தாண்டி அம்பகரத்தூர் வரைக்கும் போயிட்டு வாங்க."

"சனிக்கிழமை போலாமா? அப்படியே சாமியும் கும்பிட்டுடலாம்."

"சனிக்கிழமை வேணாம் சார். அந்தக் கூட்டத்துல ஃபர்ஸ்ட் கியரைத் தாண்ட முடியாது. எஞ்சின் சூடாயி நின்னுட்டா, சனி பகவான் மேல பழியைப் போட்டுட்டு எங்கிட்ட வருவீங்க."